நள்ளிரவில் அலறும் கார்

உப்புக்காற்றும் ஈரமும் வாகனத்தின் வயதும் சேரும்போது தெஹிவளைக் கார்களில் நடப்பது என்ன? அலாரத்தின் காரணத்தை எந்த ஒழுங்கில் தேடுவது?

அலாரத்துக்குத் தெரிந்த ஒரே செய்தி

கார் அலாரத்தின் மூளை, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. கதவுகள், பொனட், டிக்கி ஆகியவற்றின் சுவிட்சுகளிலிருந்து அதற்குக் கம்பிகள் வந்து சேர்கின்றன. அதிர்வை அறியும் உணரி பல கார்களில் உண்டு. காருக்குள் அசைவை அறியும் உணரி சிலவற்றில் உண்டு. பற்றரியின் மின்னழுத்தத்தையும் சில பெட்டிகள் கவனிக்கின்றன. ரிமோட்டில் பூட்டிய சில விநாடிகளில் பெட்டி காவலுக்கு வந்துவிடும். அதன்பின் இவற்றில் எது நிலை மாறினாலும் ஹோர்ன் அல்லது சைரன் ஒலிக்கும், சிக்னல் விளக்குகள் மின்னும்.

கதவுச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை மிக எளிய அமைப்பு உடையவை. கதவு மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் தொடுப்பு விலகி நிற்கும். திறந்ததும் கம்பி காரின் உலோக உடலைத் தொடும். கராஜ் மொழியில் 'எர்த்' ஆகும். பெட்டிக்குக் கிடைப்பது அந்த ஒரு செய்திதான். எர்த் ஆனது கதவைத் திருடன் திறந்ததாலா, சுவிட்சின்மேல் படிந்த உப்புநீராலா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே காரணமில்லாமல் அலறுவதாகத் தோன்றும் காரிலும் ஏதோ ஒரு கம்பி உண்மையாகவே நிலை மாறியிருக்கிறது. அது எந்தக் கம்பி என்று கண்டுபிடிப்பதே வேலை.

பகலில் ஒளிந்துகொள்ளும் கோளாறு

இந்தக் கோளாறின் பெரிய தொல்லை, கராஜுக்குக் கொண்டுபோனதும் அது காணாமல் போவது. இரவு மூன்று தடவை ஒலித்த கார் பகல் முழுவதும் பேசாமல் நிற்கும். கடலோரத்தில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு.

தெஹிவளையில் காலி வீதிக்கு மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் ரயில் பாதையிலும் கடலிலும் போய் முடிகின்றன. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று வீடுகள்வரை கொண்டுவருகிறது; மே முதல் செப்டெம்பர்வரை வீசும் தென்மேல் பருவக்காற்றில் அது இன்னும் அதிகம். நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பொனட்டின் ஓரத்திலும் சுவிட்சின் இடுக்கிலும் மெல்லிய படையாகத் தங்குகிறது. உலர்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும்.

பகல் வெயிலில் பொனட் தகரம் சுட்டுக்கிடக்கும். அதைத் தொட்டிருக்கும் காற்றில் ஈரப்பதம் குறைவு. இரவில் தகரம் குளிர்கிறது, ஈரப்பதம் ஏறுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு சுவிட்சில் இருக்கும் உப்புப் படை ஈரமாகி, மின்சாரம் கசியும் பாதையாகிறது. பெட்டிக்கு அது பொனட் திறந்ததுபோலத் தெரியும். காலை ஒன்பது மணிக்குக் கார் கராஜ் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூட்டில் எல்லாம் உலர்ந்துவிடும்.

இரவுக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. பகல் முழுவதும் ஓடிச் சரியாகச் சார்ஜ் ஆகாத பற்றரி, மணிக்கணக்காக நின்றபின் தளர்கிறது. பூனைகள் சூடான பொனட்டைத் தேடி ஏறுகின்றன. எலிகள் எஞ்சின் அறைக்குள் நுழைகின்றன. பகலில் பஸ்களும் ஓட்டோக்களும் எழுப்பும் இரைச்சலில் யாரும் கவனிக்காத ஒரு அலாரம், தெரு அடங்கியபின் நாலு வீதிக்குக் கேட்கிறது.

கார்களுக்கும் வயதாகிறது

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய 5 ஆண்டுகள், இருந்த கார்களே ஓடவேண்டியிருந்தது. 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த டொயோட்டா அக்குவா, ஹொண்டா வெசல் போன்ற ஹைபிரிட்கள் இப்போது பத்து வயதைக் கடந்தவை. அவற்றின் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் நுண்சுவிட்சுகள் ஆயிரக்கணக்கான தடவை அழுந்தித் தேய்ந்தவை. ரப்பர் உறைகள் வெடித்தவை. மோதித் திருத்திய கார்களில் பொனட் பழைய இடத்தில் சரியாக அமர்வதில்லை. அலாரத் தொல்லையின் பெரும்பகுதி இந்த வயதிலிருந்தே வருகிறது.

முதலில் ஒலியை நிறுத்துதல்

ரிமோட்டின் திறக்கும் பொத்தானை அழுத்துவது முதல் வழி. அது வேலை செய்யாவிட்டால் சாவியால் கதவைத் திறந்து இக்னிஷனை 'ஒன்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; பொத்தானால் ஸ்டார்ட் ஆகும் கார்களில் ஸ்மார்ட் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும். கார் தன் சாவியை அடையாளம் கண்டதும் தொழிற்சாலை அலாரம் அடங்கிவிடும். பின்னர் பொருத்திய அலாரங்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிறு மறைவுச் சுவிட்ச் இருப்பதுண்டு. அது எங்கே இருக்கிறது என்று பொருத்திய அன்றே கேட்டு வைத்திருப்பது நல்லது.

பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றுவது கடைசி வழி. அதற்கும் அடங்காத கார்கள் உண்டு. பல ஐரோப்பியக் கார்களில் சைரனுக்குள்ளேயே ஒரு சிறு பற்றரி இருக்கிறது; கம்பியை வெட்டும் திருடனை ஏமாற்றவே அந்த ஏற்பாடு. கம்பியைக் கழற்றினாலும் அந்தச் சைரன் தொடர்ந்து ஒலிக்கலாம்.

ஹைபிரிட் கார்களில் கவனம் தேவை. 12 வோல்ட் பற்றரி பொனட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம். டொயோட்டா பிரியஸின் சில மாடல்களில் அது டிக்கியின் வலப்பக்கத்தில் இருக்கிறது. செம்மஞ்சள் நிற உறை போட்ட தடித்த கம்பிகள் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. 12 வோல்ட் பற்றரி முற்றிலும் இறங்கிவிட்டால் அந்தப் பிரியஸின் டிக்கியும் திறக்காது. ஓட்டுநர் கதவை உலோகச் சாவியால் திறந்து, பொனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் இருக்கும் முனையிலிருந்து உதவி மின்சாரம் கொடுக்க வேண்டும்.

குறிப்புப் புத்தகம் செய்யும் வேலை

இரவில் மட்டும் வரும் கோளாறுக்குச் சாட்சி வாகனச் சொந்தக்காரர் ஒருவரே. ஒரு வாரத்துக்குச் சில விவரங்களை எழுதிவைத்தால் தேடல் பாதியாகக் குறையும்: ஒலித்த நேரம், மழையா உலர்ந்த இரவா, இடி இருந்ததா, கார் எவ்வளவு நேரம் நின்றது, கடைசியாகத் திறந்தது எந்தக் கதவு, அன்று கார் கழுவப்பட்டதா.

இந்தப் பட்டியலிலிருந்து வடிவங்கள் வெளிவரும். மழைக்கோ சர்வீஸ் ஸ்டேஷன் கழுவலுக்கோ பின் மட்டும் ஒலித்தால் நீர் புகும் சுவிட்ச். வறண்ட இரவிலும் விடியலுக்கு முன் ஒலித்தால் உப்பீரம் அல்லது பற்றரி. ஒலிக்கும் நேரம் கரையோர ரயில்களின் நேரத்தோடு பொருந்தினால் அதிர்வு உணரி. இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் நின்றபின் ஒலித்தால் பற்றரியே முதல் சந்தேகம். நாள் தவறாமல் இரவுக்கு ஐந்தாறு தடவை ஒலித்தால் அறுந்த கம்பியோ பழுதான பெட்டியோ இருக்கலாம்.

பற்றரி: மலிவான சோதனை

மற்ற எதையும் தொடும் முன் பற்றரியைச் சோதிப்பதே முறை. சாதாரண மல்டிமீற்றர் போதும். கார் சில மணிநேரம் நின்றபின் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதி இறங்கிவிட்டது. 12-க்குக் கீழே போனால் அலாரப் பெட்டி தடுமாறுவதில் வியப்பில்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்வரை வர வேண்டும்; வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் ஒல்டனேற்றரில். இலங்கை வெப்பத்தில் பற்றரிகள் குளிர் நாடுகளில் போல நெடுநாள் உழைப்பதில்லை. மூன்று வயதைத் தாண்டியதைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி.

பெற்றோல் கார்களில் தளர்ந்த பற்றரி காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே இழுத்து இழுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹைபிரிட்களில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. சின்னப் பற்றரி கணினிகளை விழிக்கவைத்தால் போதும். எனவே அது நலிந்திருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. வீணாக ஒலிக்கும் அலாரமும் தாமதமாகத் திறக்கும் சென்ட்ரல் லொக்கும்தான் முதல் எச்சரிக்கையாக இருக்கும்.

புதிய பற்றரியும் அடிக்கடி இறங்கினால் ஏதோ ஒன்று இரவில் மின்சாரம் குடிக்கிறது. நிற்கும் காரின் இயல்பான செலவு 50 மில்லிஅம்பியருக்குள் இருக்க வேண்டும். இரவிலும் பதிவு செய்யும் டாஷ்கேம் 300 மில்லிஅம்பியர் எடுத்தால், 35 அம்பியர்-மணி பற்றரி ஐந்து நாளுக்குள் வெறுமையாகிவிடும். அலாரத்துக்குத் தொல்லை கொடுக்கும் அளவுக்கு இறங்க இரண்டு இரவே போதும். காலி வீதி நெரிசலில் தெஹிவளைக்கும் கோட்டைக்கும் இடையே ஊர்ந்து போய்வருவது அந்த இழப்பை முழுதாக ஈடுசெய்யாது.

பற்றரி முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியையும் கவனிக்க வேண்டும். சோடா உப்பு கரைத்த சுடுநீரில் கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது.

பொனட் சுவிட்ச்: கடலோரத்தின் முதற் குற்றவாளி

எல்லாச் சுவிட்சுகளிலும் அதிகம் அவதிப்படுவது பொனட்டுக்கு அடியில் இருப்பது. மழை, சேறு, எஞ்சின் சூடு, உப்பு எல்லாம் அதன்மேல் விழுகின்றன. பழைய கார்களிலும் பின்னர் பொருத்திய அலாரங்களிலும் அது பொனட் ஓரத்தில் நிற்கும் சுருள்வில் ஊசி. புதிய கார்களில் பூட்டோடு சேர்ந்த பகுதி.

பார்க்கவேண்டிய முதல் விஷயம் பொனட்டின் உயரம். டிங்கரிங் செய்த காரில் பொனட் இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்து நின்றால் ஊசி முழுதாக அழுந்தாது. ஒரு காற்றடித்தாலே தொடுப்பு தடுமாறும். பொனட்டைத் தாங்கும் ரப்பர் முட்டுகளைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம்.

அடுத்தது மின்சோதனை. சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீற்றரை மின்தடை அளவில் வைத்து, ஊசியை அழுத்தியும் விட்டும் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் தடை பூச்சியத்தை ஒட்டியும், மறு நிலையில் எல்லையற்றும் காட்ட வேண்டும். அழுத்திய நிலையில் சில ஆயிரம் ஓம் என்று ஊசலாடினால் உள்ளே உப்புப் பாதை இருக்கிறது.

பகலில் இரவை வரவழைக்கும் எளிய தந்திரம் ஒன்றும் உண்டு. அலாரத்தைப் போட்டுவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் நிரப்பி, பொனட் இடுக்கு, கதவின் ஓரம், டிக்கிப் பூட்டு என ஒவ்வொரு இடமாகப் பனிபோலத் தெளித்து, இடத்துக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. தண்ணீர் சேர்ந்ததும் அலாரம் ஒலித்தால் இடம் அகப்பட்டுவிட்டது.

சுத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துருநீக்கி எண்ணெய் ஸ்பிரேயில் உப்பு கரையாது. எண்ணெய் அதன்மேல் படியும், சில வாரங்களில் கோளாறு திரும்பி வரும். முதலில் இளஞ்சூட்டு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு மின்தொடுப்புக்கான கிளீனர் அடித்து, கடைசியில் நீர் புகாத கிரீஸ் பூச வேண்டும். தேய்ந்துபோன சுவிட்சை மாற்றுவதே புத்தி. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் கார்களின் பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கும்; பழைய பாகம் வாங்கினால் கடையிலேயே மல்டிமீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும்.

கதவும் டிக்கியும்

கதவுச் சுவிட்சுகளைச் சோதிக்கக் காரின் கூரை விளக்கே போதும். அதைக் கதவோடு எரியும் நிலையில் வைத்து, இருட்டில் உள்ளே அமர்ந்து, விளக்கு அணைந்தபின் ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். விளக்கு மினுங்கினால் அந்தக் கதவே காரணம். மீற்றர் பலகையில் தோன்றும் கதவுச் சின்னமும் அதையே சொல்லும்.

கதவுக்கும் தூணுக்கும் இடையே நெளியும் ரப்பர்க் குழாய்க்குள் கம்பிகள் கட்டாக ஓடுகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை வளைகின்றன. பத்து வருடத்தில் உறை வெடித்துக் கம்பி அறுவது வழக்கம். அதிகம் திறக்கப்படும் ஓட்டுநர் கதவிலும், ஹட்ச்பேக் கார்களின் டிக்கிக் கீலிலும் இது முதலில் வரும். ஷட்டர் சில வேளை இறங்காமல் போவதும், சென்ட்ரல் லொக் ஒரு கதவில் மட்டும் தவறுவதும் இதே கோளாறின் அடையாளங்கள். குழாயை மெல்ல அசைத்தபடி கூரை விளக்கைக் கவனித்தால் அறுந்த இடம் தெரியும்.

டிக்கியில் சாமான் திணித்து மூடுவதாலும் பூட்டு முழுதாக விழாமல் போகலாம். கதவைச் சுற்றிய ரப்பர் கிழிந்து நீர் இறங்கினால் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் இணைப்புகள் நனையும். காருக்குள் பூஞ்சணம் மணப்பது அதன் அறிகுறி.

அதிர்வும் அசைவும்

சுவிட்சுகள் எல்லாம் சரியென்றால் அடுத்த சந்தேகம் அதிர்வு உணரி. காரின் உடல் அதிர்ந்தால் சிறு மின்துடிப்பை உண்டாக்கும் இந்தப் பாகம், பின்னர் பொருத்திய அலாரங்களில் பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டுக்கு அருகே கட்டப்பட்டிருக்கும். கரையோர ரயில், அஸ்திவாரத் தூண் அடிக்கும் இயந்திரம், சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிள், கூரையில் விழும் மாங்காய் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பருவ இடைக்கால இடிமழையில் ஒரே இடிக்கு ஒழுங்கை முழுவதும் கார்கள் அலறுவதன் காரணமும் இதுவே. இடியின் தாழ்ந்த ஒலியலை கண்ணாடியையும் தகரத்தையும் தள்ளி அதிரவைக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவிலும் சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் வெடிகள் அதையே செய்கின்றன.

உணரியில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைக் கால் சுற்று குறைத்து, அலாரம் போட்டு ஒரு நிமிடம் பொறுத்து, கண்ணாடிக்கு அருகே தூணில் முட்டியின் மெத்தைப் பகுதியால் தட்டிப் பார்க்க வேண்டும். மெல்லத் தட்டினால் பேசாமல் இருந்து, பலமாகத் தட்டினால் ஒலிப்பதே சரியான அளவு. இரண்டு படிகள் உள்ள உணரியில் மெல்லிய அதிர்வுக்குச் சில 'கீச்' ஒலிகளும், பலமான அடிக்கு முழுச் சைரனும் வரும். திருகைத் தொடும் முன் உணரி இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கம்பியில் தொங்கும் உணரி எந்த அளவிலும் ஒழுங்காக வேலை செய்யாது.

காருக்குள் அசைவை அறியும் உணரி, ஏறக்குறைய 40 கிலோஹேர்ட்ஸ் மீயொலியை அனுப்பித் திரும்பிவரும் அலையைக் கவனிக்கிறது. மனிதக் காதுக்கு எட்டுவது 20 கிலோஹேர்ட்ஸ்வரைதான். ஷட்டர் ஒரு விரல் அளவு திறந்திருந்து காற்று புகுந்தாலும், கண்ணாடியில் தொங்கும் மாலையோ பொம்மையோ ஆடினாலும், உணரிக்கு அருகே பல்லியோ கரப்பானோ ஓடினாலும் அது ஒலிக்கும். தொங்குவதை எடுத்து, ஷட்டர்களை முழுதாக மூடி இரண்டு இரவு பார்ப்பதற்குச் செலவே இல்லை. சாய்வை அறியும் உணரி உள்ள கார்களைத் தொடர்மாடிகளின் இயந்திரத் தட்டுத் தரிப்பிடங்களில் விடும்போது, அந்த உணரியை நிறுத்திவிட்டுப் பூட்ட வேண்டும்.

பின்னர் பொருத்தியவை

தொழிற்சாலை அலாரம் இருக்கும் காரிலேயே மலிவான இரண்டாவது அலாரம் ஒன்றைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. இரண்டும் ஒரே கதவுச் சுவிட்சைக் கவனிக்கும்போது ஒன்றின் நடவடிக்கை மற்றதற்குத் திருட்டாகத் தெரியலாம். ஒரு ரிமோட்டில் பூட்டி, மற்றதில் அல்லது சாவியில் திறந்தாலும் அதே கதை.

பொருத்திய விதமும் தொல்லை தரும். கம்பியைச் சீவி, முறுக்கி, கறுப்பு நாடா சுற்றிய இணைப்பு சில வருடம்தான் தாங்கும். வெப்பத்தில் நாடாவின் பசை உருகி வழிந்து, செம்பு பச்சை பூத்து, தொடுப்பு விட்டுவிட்டு வரும். அவ்வாறான இணைப்புகளைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடுவதே நிரந்தரத் தீர்வு. எர்த் கம்பி பூட்டிய திருகும் துருப்பிடித்திருக்கலாம். அதைக் கழற்றி, தகரம் வெளிச்சமாகும்வரை தேய்த்து மீண்டும் பூட்ட வேண்டும். எலி கடித்த கம்பிகளும் இதே தேடலில் அகப்படும்.

தன் பற்றரியோடு வரும் சைரன்களில் வேறொரு முதுமைக் கோளாறு உண்டு. உள்ளே இருக்கும் சிறு பற்றரி வருடங்கள் கழித்துக் கசிந்து மின்பலகையை அரித்துவிடும். அப்போது எந்தச் சுவிட்சும் மாறாமலே சைரன் ஒலிக்கும். அதற்கு மாற்றுச் சைரன்தான் மருந்து.

ரிமோட்டையும் மறக்கக்கூடாது. பல ரிமோட்டுகளில் 3 வோல்ட் நாணயப் பற்றரி இருக்கிறது. அது தளர்ந்தால் பூட்டும் சைகை பாதியில் நிற்கலாம். அலறவைக்கும் பொத்தான் தலையணைக்கு அடியிலோ குழந்தையின் கையிலோ அழுந்துவதும் உண்டு. ரிமோட்டில் திறந்து, கதவைத் திறக்காமல் விட்டால் அரை நிமிடம் போலக் கழித்துக் கார் தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்தால் அலாரம் ஒலிக்கும்.

ஓர் இரவு, ஒரு மாற்றம்

இத்தனை சோதனைக்கும் பிறகு காரணம் தெரியாவிட்டால் விலக்கிப் பார்க்கும் முறைதான் வழி. ஓர் இரவு பொனட் சுவிட்சை மட்டும் விலக்க வேண்டும், அடுத்த இரவு அதைத் திரும்பப் போட்டு அதிர்வு உணரியை மட்டும், பிறகு டிக்கி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். எதை விலக்கிய இரவில் அமைதி நிலவியதோ, அதை மீண்டும் இணைத்து, தொல்லை திரும்பி வருவதைக் கண்டபின்தான் முடிவுக்கு வர வேண்டும். சில சுவிட்சுகளின் இணைப்பைக் கழற்றினால் 'திறந்திருக்கிறது' என்று பெட்டி எண்ணும். அவற்றில் கம்பி முனைகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்க வேண்டும். எது எந்த வகை என்பதை மல்டிமீற்றர் சொல்லிவிடும்.

புதிய கார்கள் பலவற்றில் அலாரத்தைக் கிளப்பிய சுவிட்ச் எது என்ற பதிவு கணினியில் இருக்கும். பொருத்தமான ஸ்கேனர் உள்ள இடத்தில் அதை வாசிக்கலாம்.

பெட்டிச் செய்தி: வயரிங் பாஸிடம் சொல்ல வேண்டியவை

– எத்தனை இரவு, எந்த நேரங்களில் ஒலித்தது. மழையா, இடியா, உலர்ந்த இரவா
– பற்றரியின் வயது. காலையில் ஓட்டும் முன் எடுத்த வோல்ட் அளவு
– அலாரம் தொழிற்சாலையில் வந்ததா, பின்னர் பொருத்தியதா, இரண்டுமா
– டாஷ்கேம், ஜி.பி.எஸ்., செட் ஆகியவை எப்போது பொருத்தப்பட்டன
– கார் மோதித் திருத்தப்பட்டதா; எந்தப் பக்கம்
– எதை விலக்கிய இரவில் அமைதியாக இருந்தது

அயலும் சட்டமும்

ஒலி, தூரம் இரட்டிக்கும்போது ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். இரண்டு மீற்றரில் 105 டெசிபெல் எழுப்பும் சைரன், திறந்த வெளியில் 32 மீற்றர் தொலைவிலும் 81 டெசிபெல் கேட்கும். தொடர்மாடியின் அடித்தளத் தரிப்பிடத்தில் சுவர்கள் எதிரொலிப்பதால் அது இன்னும் கூடும். 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர சபைப் பகுதியில் ஒரு காணியின் எல்லையைத் தாண்டும் ஒலிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. தெஹிவளை-கல்கிசை மாநகர சபைப் பகுதியே. பொதுத் தொல்லையை நீக்கும்படி கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. நியூயோர்க் நகரில் கார் அலாரம் 3 நிமிடத்துக்குள் தானே அடங்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. வாகன விதிகள் ஒரு தடவைக்கு அரை நிமிட ஒலியே போதும் என்கின்றன.

நடைமுறையில் பொலிஸ்வரை போகாமலே பெரும்பாலான வழக்குகள் தீரும். கார் நிற்கும்போது முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொலைபேசி இலக்கம் தெரியும்படி வைப்பதும், தொடர்மாடிக் காவலாளியிடம் எந்தக் கார் எந்த வீட்டுக்குரியது என்ற பட்டியல் இருப்பதும் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

அலாரத்தை நிறுத்திவிடலாமா?

தூக்கம் கெட்டவர்கள் முதலில் நினைப்பது பியூஸைப் பிடுங்குவதை. அதற்கு முன் அலாரத்தையும் இம்மொபிலைசரையும் பிரித்து அறிய வேண்டும். சாவிக்குள் இருக்கும் சில்லு கணினியோடு பொருந்தினாலன்றி எஞ்சின் ஓடாது என்பது இம்மொபிலைசர். அது சத்தமே போடாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். காரை ஓட்டிக்கொண்டு போவதைத் தடுப்பதில் பெரும் பங்கு அதற்கே. சைரன் காப்பது பக்கக் கண்ணாடி, ஓடியோ செட், உள்ளே வைத்த பை போன்றவற்றை. அதுவும் யாராவது எட்டிப் பார்த்தால்தான். வாரக்கணக்காக வீணாக ஒலித்த காரை எட்டிப் பார்ப்பவர் இருக்கமாட்டார்.

ஆகவே காரணம் அகப்படும்வரை, காணிக்குள் கேற் பூட்டி நிற்கும் காரில் அதிர்வு உணரியையோ சைரனையோ மட்டும் தற்காலிகமாக நிறுத்துவதில் பெரிய இழப்பில்லை. காப்புறுதிப் பத்திரத்தில் அலாரம் நிபந்தனையாக இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தப் பியூஸையும் பிடுங்கினால் பல கார்களில் சென்ட்ரல் லொக்கும் உள்விளக்கும் சேர்ந்தே போகும். எந்தச் சுவிட்சில் உப்பு ஏறியிருக்கிறது என்ற தடயமும் அவற்றோடு போய்விடும்.

திருத்திய பிறகும் கடலோரக் காருக்குப் பராமரிப்பு நிற்காது. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை, சித்திரைக்கு முன் ஒரு தடவை, பொனட் சுவிட்சையும் கதவுப் பூட்டுகளையும் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திக் கிரீஸ் போட்டு, பற்றரியின் வோல்ட்டையும் பார்த்துவிட்டால், அடுத்த மழைக்காலத்துக்கு அலாரம் திருடனுக்காக மட்டும் காத்திருக்கும்.